ஆறாம் இலக்க உலர்த்தியின் மேல்

பதினோராம் மாடிக்காரருக்கு,
சலவை அறைப் பலகையில்
நீங்கள் பென்சிலால் எழுதி ஒட்டியதைக் கண்டேன்:
‘தடிமனா ஏதாச்சும் புத்தகம் இருக்கா?
சீக்கிரம் முடியாததா.’
தமிழில்.
எட்மன்டனில், மைனஸ் முப்பத்தி நாலில்,
சோடி தவறிய காலுறைகளுக்கு நடுவில்
தமிழில்.
சில்லறை போட மறந்து
ஓடாத இயந்திரத்தைக் கனநேரம்
பார்த்துக்கொண்டு நின்றேன்.

இந்தாருங்கோ, மூன்று பாகம்.
ஒவ்வொன்றும் செங்கல் கனம்.
முதல் நூறு பக்கம் அலுப்படிக்கும்,
பொய் சொல்லமாட்டேன்.
ஒரு அரசன் உப்பு வரியைப் பற்றியே
கதைத்துக்கொண்டிருப்பான்.
பொறுங்கோ.
நூற்றிப் பதின்மூன்றாம் பக்கத்தில்
ஆறு எழும்பி நடக்கும்.
படுக்கையை விட்டு, கிழட்டு எருமை மாதிரி,
மேலிலிருந்து மீன்களை உதறிக்கொண்டு
வரி கட்டாத ஊரைத் தேடி நடக்கும்.
அதற்குப் பிறகு உங்கள் சோறு குழைந்தால்
நான் பொறுப்பில்லை.

பெயர்கள் குழப்பும்.
எல்லாருக்கும் இரண்டு பெயர்,
செத்தவர்களுக்கு மூன்று.
பின்னட்டைக்குள் பழைய பஸ் அட்டவணை ஒன்று
மடித்து வைத்திருக்கிறேன்,
அதன் முதுகில் வம்சம் முழுக்க உண்டு.
சிவப்பு மையில் இருப்பவர்கள் துரோகிகள்.
ஐயோ, இதைச் சொல்லியிருக்கக் கூடாது.

பேய்க்கதைதான் வேண்டுமென்றால்
நீல உறை போட்டதை எடுங்கோ.
இந்தக் கீழ்த்தளத்தில் இருந்து வாசிக்க வேண்டாம்,
குறிப்பாக ஆறாம் இலக்கம் ஓடும்போது.
உள்ளே யாரோ செருப்போடு நடப்பது போலக் கேட்கும்;
உருளையில் ஏதோ கழன்றிருக்கிறது, அவ்வளவுதான்.
ஆனால் இருநூறாம் பக்கத்தில்
அது உங்களுக்கு ஞாபகம் வராது.

அதில் ரத்தமில்லை. வெள்ளைச் சீலையுமில்லை.
ஒரு தாய், ஐந்து பிள்ளைகள்.
பொழுதுபடக் கூப்பிட்டு எண்ணுவாள்.
ஆறு வரும்.
முகம் முகமாகப் பார்ப்பாள்,
எல்லாம் அவளுடைய முகங்கள்.
ஆறு தட்டு வைப்பாள்.
அதற்கும் பழகிவிடுவாள்,
நாங்களும் பழகிவிடுவோம், அறுநூறு பக்கம்.
பிறகொரு நாள் எண்ணுகிறாள்.
ஐந்து.
கணக்குச் சரி.

அந்த இடத்தில் புத்தகத்தை மூடி
குளிர்பெட்டிக்கு மேல் வைத்துவிட்டு
விடியும் வரைக்கும்
எல்லா அறையிலும் விளக்கெரித்தேன்.
எனக்கு அந்தக் கணக்குத் தெரியும்.
அதைச் சொல்ல இந்தத் துண்டுக் கடதாசி காணாது.

நீங்கள் ‘சீக்கிரம்’ என்கிறீர்கள்,
நான் ‘கெதியா’ என்பேன்.
பேய் இரண்டு ஊரிலும் பேய்தான்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன்.
மூன்றாம் பாகத்தின் கடைசி நாற்பது பக்கத்தை
நான் இன்னும் வாசிக்கவில்லை.
இரண்டு மாரியாக வைத்திருக்கிறேன்.
வெளியே பனி அள்ளும் வண்டி போகும் இரவுகளில்
எடுத்து, கனம் பார்த்து, திரும்ப வைப்பேன்.
நீங்கள் முடித்தால் சொல்லவேண்டாம்.
ஆறு கடலைக் கண்டதா என்று மட்டும்...
இல்லை, அதுவும் வேண்டாம்.

நளாயினி, 307


(அதே கடதாசியின் பின்பக்கத்தில், பென்சிலில்,
பதினெட்டு நாள் கழித்து)

மேடம்,
உப்பு வரி எனக்குப் பிடிச்சிருந்துச்சு.
நான் வருமான வரி ஆபீஸ்ல இருந்தவன்.
ஆறு பத்தி ஒண்ணும் சொல்லல.
சிவப்பு மையில ஒருத்தர் தப்பு,
அவரு துரோகி இல்ல, நாற்பது பக்கம் மிச்சமிருக்கே.

நீலப் புத்தகம் நேத்து ராத்திரி முடிச்சேன்.
ரெண்டு மணிக்கு எந்திரிச்சுப் போயி
எங்க வீட்டுப் பசங்கள எண்ணிப் பார்த்தேன்.
ரெண்டு.
சரியா இருந்துச்சு.
அதான் தூங்கல.

இதவிடத் தடிமனா இருக்கா?

சௌந்தரபாண்டியன், 1104